கொலைடரில் 2012-க்குப் பிறகு ஒன்றுமே கிடைக்கவில்லையா?

கேள்வி: கிள்ளான் வாசகர், 8 பிப்ரவரி 2025

செர்ன் ஆய்வகத்தின் எல்எச்சி கொலைடர், அதாவது துகள்களை மோதவிடும் இயந்திரம்: பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுரங்கம், பில்லியன் கணக்கில் செலவு. 2012-இல் ஹிக்ஸ் போசான் என்ற துகளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று கைதட்டினார்கள், சரி. அதற்குப் பிறகு என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மகள் ஐந்தாம் படிவம் போகிறாள், துகள் இயற்பியல் படிக்கப் போகிறேன் என்கிறாள். எனக்கு வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் செர்ன் வாசலில் நடராசர் சிலை நிற்கிறது என்ற செய்தி மட்டும்தான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

9 பிப்ரவரி

சிலை உண்மைதான். 2004-இல் இந்திய அரசு கொடுத்தது, இரண்டு மீட்டர் உயரம். வாசலில் இல்லை, உள்ளே இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் நிற்கிறது. அந்தச் செய்தியின் மூன்றாவது வரியில் சித்தர்கள் வருவார்கள், அங்கே படிப்பதை நிறுத்திவிடுங்கள்.

நம் நாடும் அதில் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் தேசியத் துகள் இயற்பியல் மையம் எல்எச்சியின் பெரிய சோதனைகளில் ஒன்றான சிஎம்எஸ்ஸில் உறுப்பு. நான் கோலாலம்பூரில் முதுகலை படித்த காலத்தில் சிஎம்எஸ் தரவோடு மல்லுக்கட்டியவன். இப்போது பாயான் லெப்பாஸில் சிப் சோதிக்கிறேன். "ஒன்றும் இல்லை" என்று நீங்கள் எழுதியதற்குப் பதில் நீளமானது. தவணை முறையில் எழுதுகிறேன்.

12 பிப்ரவரி, இரவு

தைப்பூசம் முடிந்தது. தண்ணீர்மலை ஏறி இறங்கியதில் கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிட்டன.

முந்தாநாள் இரதம் வந்த வழியில் தேங்காய் உடைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாலையோரம் குன்றுபோல் குவித்து வைத்து ஆளாளுக்கு அடிக்கிறார்கள். சில்லு பறக்கிறது, தண்ணீர் தெறிக்கிறது. அப்போது தோன்றியது: தரையில் கிடக்கும் சில்லுகளை மட்டும் உங்களிடம் கொடுத்து, எது எந்தத் தேங்காயின் சில்லு, எவ்வளவு வேகத்தில் பறந்தது என்று எழுதித் தரச் சொன்னால் எப்படி இருக்கும்? மோதலைப் பதிவு செய்யும் கருவியான டிடெக்டரின் வேலை அதுதான். எல்எச்சியில் புரோட்டான் கூட்டமும் கூட்டமும் எதிரெதிரே கடக்கும்போது ஒரே நேரத்தில் ஐம்பது அறுபது மோதல்கள் நடக்கின்றன. அதில் ஒன்றுதான் நமக்கு வேண்டியது, மற்றதெல்லாம் பக்கத்து ஆள் உடைத்த தேங்காய்.

வேகத்துக்கு ஒரு கணக்கு. பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், போய்த் திரும்பினால் 27. நமக்கு வேலை விடும் நேரத்தில் அது ஒரு யுகம். புரோட்டான் அதே தூரத்தை விநாடிக்கு 11,245 முறை சுற்றுகிறது.

13 பிப்ரவரி

தேங்காய் உவமை பாதி தப்பு. செராஸிலிருந்து ஒருவர் சரியாகப் பிடித்தார்: "அப்படியானால் ஹிக்ஸ் புரோட்டானுக்குள் இருந்ததா?" இல்லை. மோதலின் ஆற்றல் புதுத் துகளாக மாறுகிறது. தேங்காயை உடைத்தால் மாம்பழம் விழுவது மாதிரி. அதுவும் சுமார் ஒரு பில்லியன் தேங்காய்க்கு ஒரு மாம்பழம், அந்த மாம்பழமும் விழுந்த கணத்தில் அழுகி, அதன் கொட்டை மட்டும் கைக்கு வரும். ஹிக்ஸை யாரும் பார்க்கவில்லை. அது சிதைந்து வந்த இரண்டு ஃபோட்டான்களையோ (ஒளித்துகள்) நான்கு லெப்டான்களையோ (எலக்ட்ரான் குடும்பத்துத் துகள்) பார்த்து, அவற்றின் ஆற்றலையும் கோணத்தையும் கொண்டு நிறையைக் கூட்டிப் போட்டால் 125 ஜிஇவி (துகள் நிறையைச் சொல்லும் அலகு) அருகே வரைபடத்தில் ஒரு மேடு தெரிகிறது.

மேடு என்ற சொல்லை நினைவில் வையுங்கள். இந்தத் துறையின் சந்தோஷம், வயிற்றெரிச்சல் இரண்டும் அதில்தான்.

22 பிப்ரவரி

கேள்விக்காரருக்கு நேரடிப் பதில், சுருக்கமாக. 2012-க்குப் பிறகு: ஹிக்ஸ் டாப் குவார்க்கோடும் பாட்டம் குவார்க்கோடும் (புரோட்டான் போன்றவை குவார்க்குகளால் ஆனவை, டாப், பாட்டம் அவற்றில் இரண்டு வகை) உறவாடுவது 2018-இல் உறுதியானது. ஐந்து குவார்க் சேர்ந்த பென்டாகுவார்க் 2015-இல் எல்எச்சியின் இன்னொரு சோதனையான எல்எச்சிபியில் தெரிந்தது. எல்எச்சி தொடங்கியதிலிருந்து 70-க்கும் மேற்பட்ட புது ஹாட்ரான்கள் (குவார்க்குகள் சேர்ந்த துகள்கள்) பட்டியலில் ஏறியிருக்கின்றன. நீங்கள் எதிர்பார்த்தது இதுவல்ல, தெரியும். கருந்துளை, இருண்ட பொருள், கூடுதல் பரிமாணம் என்று பத்திரிகைகள் ஆசை காட்டின, அதெல்லாம் வரவில்லை.

ஆனால் அங்கே வேலை செய்பவனின் நாள் எதில் போகிறது தெரியுமா? தேடுவதில் இல்லை, தூக்கிப் போடுவதில். அடுத்த குறிப்பில் எழுதுகிறேன், இப்போது இரவு ஷிஃப்ட்.

1 மார்ச்

விநாடிக்கு 40 மில்லியன் முறை வரை கூட்டங்கள் கடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சுமார் ஒரு மெகாபைட். அதை எந்த வட்டிலும் அடக்க முடியாது. அதனால் ட்ரிகர், எதை வைத்துக்கொள்வது என்று அந்தக் கணமே முடிவு செய்யும் வடிகட்டி. முதல் கட்டத்தில் மின்னணுப் பலகைகள் சுமார் நான்கு மைக்ரோ விநாடிக்குள் முடிவு சொல்லி விநாடிக்கு ஒரு லட்சமாகக் குறைக்கும். இரண்டாம் கட்டத்தில் கணினிக் கூட்டம் அதை ஆயிரமாக்கும் (என் காலத்து எண், இப்போது கூட்டியிருக்கிறார்கள்). ஆக, 40,000-இல் ஒன்று பிழைக்கும். மற்றது போனது போனதுதான், திரும்பாது.

என் இப்போதைய வேலையும் இதேதான் என்று சொன்னால் தொழிற்சாலையில் சிரிக்கிறார்கள். டெஸ்டரில் சிப் ஏறும், பாஸ் என்றால் பின் 1 என்ற நல்ல தொட்டி, இல்லாவிட்டால் ரிஜெக்ட். கெட்ட சிப் நல்லதாகப் போனால் எஸ்கேப், வாடிக்கையாளர் கத்துவார். நல்ல சிப் ரிஜெக்ட்டில் விழுந்தால் ஓவர்கில், அதற்குக் கத்த ஆளே இல்லை. ட்ரிகரில் பயமெல்லாம் ஓவர்கில் மீதுதான். தூக்கிப் போட்டது நல்லதென்று யாருக்கும் தெரிய வராது.

2 மார்ச்

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: "புதுத் துகள் அந்தக் குப்பையில் போயிருந்தால்?"

போயிருக்கலாம். மழுப்ப விரும்பவில்லை. அதற்காகத்தான் எந்த நிபந்தனையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் எடுத்து வைப்பார்கள், ஜீரோ பயஸ் என்று பெயர். எங்கள் லைனில் கியூஏ (தரச் சோதனை) ஆட்கள் ரிஜெக்ட் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி மறுபடி சோதிப்பது போல. இன்னொரு வழி ஸ்கவுட்டிங்: முழு மெகாபைட்டை விட்டுவிட்டு, முக்கியமான சில எண்களை மட்டும் எழுதி வைத்தால் பல மடங்கு மோதல்களைக் காப்பாற்றலாம்.

இருந்தாலும் ட்ரிகர் என்பது மனிதர் எழுதிய பட்டியல். நமக்குத் தோன்றாததை அது கேட்காது. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது.

16 மார்ச், ஞாயிறு

நாலு நம்பர் லாட்டரி பற்றி எழுத இதைவிட நல்ல நாள் இல்லை.

எங்கள் தாமானில் ஒரு பாட்டி இருக்கிறார். பேரன் புதுக் கார் வாங்கினான், அந்தக் கார் நம்பரை எழுதினார், முதல் பரிசு அடித்தது. மூன்று தெருவுக்குச் சாப்பாடு போட்டார். அந்த நம்பரில் ஏதோ இருக்கிறது என்று எல்லோருக்கும் நம்பிக்கை. ஒரு நம்பருக்கு முதல் பரிசு விழ 10,000-இல் ஒரு வாய்ப்பு. ஆனால் எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கில். புதன், சனி, ஞாயிறு என்று வாரம் மூன்று குலுக்கல். யாராவது ஒருவருக்கு அடிக்கத்தான் செய்யும், அடித்தவர்தான் சாப்பாடு போடுவார். அடிக்காத ஆயிரம் பேர் நமக்குச் சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

15 டிசம்பர் 2015 அன்று அட்லஸ் (எல்எச்சியின் இன்னொரு பெரிய சோதனை), சிஎம்எஸ் இரண்டும் இரட்டை ஃபோட்டான் வரைபடத்தில் 750 ஜிஇவி அருகே மேடு இருப்பதாகக் காட்டின. அட்லஸின் மேடு அந்த இடத்தில் 3.6 சிக்மா (தற்செயலாக வருவது எவ்வளவு அரிது என்ற அளவு, எண் கூடினால் அரிது கூடும்). நாலு நம்பர் முதல் பரிசைச் சிக்மாவில் சொன்னால் 3.7. ஏறக்குறைய பாட்டியின் அதிர்ஷ்டம். வரைபடம் முழுக்க எத்தனை இடத்தில் மேடு தேடினோம் என்று கணக்கில் எடுத்தால் 3.6 என்பது சுமார் 2 ஆகிவிடும். சிஎம்எஸ் தனியாக அதே இடத்தில் 2.6 காட்டியதுதான் ஆசையைக் கிளப்பியது. கோட்பாட்டுக்காரர்கள் எட்டு மாதத்தில் 500 கட்டுரை வரை எழுதித் தள்ளினார்கள். ஆகஸ்ட் 2016-இல் சிகாகோ மாநாட்டில், கூடுதல் தரவு வந்தபிறகு, மேடு தரைமட்டம்.

கண்டுபிடிப்பு என்று வாய் திறக்க 5 சிக்மா வேண்டும், அதாவது 3.5 மில்லியனில் ஒன்று. இது ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்று முன்பு எனக்கும் தோன்றியதுண்டு. பாட்டி வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு தோன்றவில்லை.

17 மார்ச்

நாலு நம்பர் தப்பு என்று உபதேசம் செய்யவில்லை. அப்பாவும் எழுதுவார்.

ஹிக்ஸ் மட்டும் எப்படி நம்பத்தக்கது என்று கேட்டவருக்கு: இரண்டு குழுக்கள், வேறு வேறு டிடெக்டர், தனித்தனியாக 5 சிக்மா அளவில், ஃபோட்டான் வழியிலும் லெப்டான் வழியிலும் அதே நிறை. 4 ஜூலை 2012, நமக்குப் பிற்பகல் மூன்று மணி. நான் முதலாண்டு, விடுதி இணையம் திக்கித் திக்கி வந்தது. முதலில் அட்லஸ் பேசியது, ஃபாபியோலா ஜியனோட்டியின் ஸ்லைடுகள் காமிக் சான்ஸ் எழுத்தில் இருந்தன. நூற்றாண்டின் செய்தி, பிறந்தநாள் அழைப்பிதழ் எழுத்தில்.

17 மார்ச், சற்று நேரம் கழித்து

தப்பு. முதலில் பேசியது சிஎம்எஸ், ஜோ இன்கண்டேலா. அட்லஸ் இரண்டாவது. சொந்தக் குழுவையே மறந்திருக்கிறேன், காமிக் சான்ஸ் அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது.

6 ஏப்ரல்

செலவு விஷயம். செர்ன் அடுத்து 91 கிலோமீட்டர் வளையம் கேட்கிறது, சாத்தியக்கூறு அறிக்கை போன வாரம் வெளிவந்தது. ஜார்ஜ்டவுனிலிருந்து தைப்பிங் போகிற தூரம், ஏறக்குறைய. முதல் கட்டத்துக்கே சுமார் 15 பில்லியன் சுவிஸ் பிராங்க். இதில் நான் கிள்ளான்காரர் பக்கம் சாய்கிறேன். இருக்கிற எல்எச்சியே அடுத்த ஆண்டு நடுவில் நின்று, மேம்படுத்தப்பட்டு 2030-இல் திரும்பும், அதன் தரவே 2040 தாண்டி வரும். அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்தால் என்ன?

பிறகு யோசித்தால், எல்எச்சியையும் 1980-களிலேயே பேசத் தொடங்கினார்கள். காத்திருந்து தொடங்கினால் தொடங்குகிற ஆள் ஓய்வு பெற்றிருப்பார். எனக்கு இதில் ஒரே கருத்து இரண்டு நாளுக்கு நிற்பதில்லை.

11 மே

தங்கம்! மூன்று பேர் ஒரே செய்தியை அனுப்பிவிட்டீர்கள். ஆம், எல்எச்சியின் ஆலிஸ் சோதனை ஈயம் தங்கமாவதை அளந்திருக்கிறது. ஈய அணுக்கருக்கள் மோதாமல் மயிரிழையில் விலகிப் போகும்போது, அவற்றின் மின்புலம் எழுப்பும் ஃபோட்டான் மூன்று புரோட்டான்களை உதிர்த்துவிடும். 82 போய் 79, அதாவது தங்கம். 2015 முதல் 2018 வரை மொத்தம் 86 பில்லியன் தங்க அணுக்கருக்கள்.

எடை 29 பிகோகிராம். லிட்டில் இந்தியா நகைக்கடையில் தராசில் வைத்தால், கடைக்காரர் உங்களைத்தான் மேலும் கீழும் பார்ப்பார். அதுவும் உருவான கணத்தில் குழாய்ச் சுவரில் மோதிச் சிதறிவிடும். செய்கூலி, சேதாரம் என்று பார்த்தால் சேதாரம் நூறு சதவீதம்.

8 ஜூன்

பாலிக் பூலாவில் டுரியான் சீசன். வாங்கிவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன், கணினி எலி நாறுகிறது.

என் சொந்த மேட்டைப் பற்றிச் சொல்லும் நேரம் வந்துவிட்டது. 2016, முதுகலை தொடங்கிய நான்காம் மாதம். இரட்டை மியூவான் (எலக்ட்ரானின் கனத்த உறவுக்காரன்) தரவு. 91 ஜிஇவியில் ஏற்கெனவே தெரிந்த துகளான இசட் போசான் கோபுரம்போல் நின்றது, பாடநூலில் உள்ளபடி. ஆனால் 40-ஐத் தாண்டியதும் இன்னொரு மேடு, மெதுவாக, அழகாக. இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. இருபத்து நான்கு வயதில் மனம் என்னென்னவோ கணக்குப் போடும், சுவீடனில் கோட் போட்டுக்கொண்டு நிற்பது உட்பட. மூன்றாம் நாள் வழிகாட்டியிடம் காட்டினேன். அவர் தே தாரேக்கைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மியூவானுக்கு எவ்வளவு கட் வைத்திருக்கிறாய்?"

"இருபது."

"இரண்டால் பெருக்கு."

அவ்வளவுதான். ஒவ்வொரு மியூவானுக்கும் குறுக்கு உந்தம் (புரோட்டான் பாதைக்குக் குறுக்கான உந்தம்) 20-க்கு மேல் இருக்க வேண்டும் என்று நானே வெட்டியிருந்தேன். டுரியான் கடையில் இரண்டு கிலோவுக்குக் கீழே உள்ளதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, மீதியை இரண்டிரண்டாக எடை போட்டால் எல்லா ஜோடியும் நான்கு கிலோவில்தான் தொடங்கும். நான்கு கிலோவில் ஏதோ அதிசயம் என்று கூவினேன், கத்தியைப் பிடித்திருந்த கை என்னுடையது.

9 ஜூன்

ஈப்போவிலிருந்து கண்டிப்பான கடிதம். டுரியான் உவமைப்படி 40-க்குக் கீழே ஒன்றுமே இருக்கக் கூடாதே, உங்கள் வரைபடத்திலும் அப்படியா என்கிறார். இல்லை, இருந்தது. ஜோடியின் நிறை உந்தத்தை மட்டும் பொறுத்ததல்ல, இடைக்கோணத்தையும் பொறுத்தது. இரண்டு மியூவானும் எதிரெதிரே பறந்தால் 40-இல் தொடங்கும், நெருங்கிப் பறந்தால் நிறை குறைந்துவிடும். அதனால் செங்குத்துச் சுவராக இல்லாமல் வழுக்கலாக ஏறி, மேடாகத் தெரிந்தது. சுவராக இருந்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன், வழுக்கல்தான் ஏமாற்றியது. டுரியானுக்குக் கோணம் கிடையாது, முள்தான்.

29 ஜூன்

செஸ்ஸி போன கதை கேட்டார்கள். பிரான்ஸ் பக்கம், சிஎம்எஸ் டிடெக்டர் அங்கேதான் நூறு மீட்டர் ஆழத்தில். 14,000 டன். 2017 ஆகஸ்டில் ஐந்து வாரம் ஷிஃப்டுக்குப் போனேன், பெட்டியில் அம்மா வறுத்த நெத்திலி சம்பல். பீம் (புரோட்டான் கற்றை) ஓடும்போது கீழே யாரும் இறங்கக் கூடாது. ஆக, டிடெக்டரோடு வேலை பார்த்தேன், டிடெக்டரைப் பார்க்கவில்லை.

அந்த ஆண்டு பீமும் ஒழுங்காக ஓடவில்லை. 16எல்2 என்ற இடத்தில் குழாய்க்குள் புகுந்த காற்று உறைந்து ஒட்டியிருந்தது. காந்தங்கள் 1.9 கெல்வினில் இருப்பதால் காற்றே பனிக்கட்டி. துணுக்கு ஒன்று பீமில் விழுந்தால் போதும், பாதுகாப்பு அமைப்பு மொத்தப் பீமையும் வெளியே கொட்டிவிடும். பிறகு மறுபடி நிரப்பி, மறுபடி முடுக்கி, மணிக்கணக்கில் காத்திருப்பு. திரையில் எல்எச்சி பேஜ் ஒன் என்று ஒரு பக்கம் இருக்கும், அதில் கோடு பொத்தென்று விழும். அந்தப் பக்கம் யாருக்கும் திறந்ததுதான், நீங்களும் பார்க்கலாம். மாமாக் கடையில் பந்து பார்ப்பது போல நான் இன்றும் பார்ப்பதுண்டு.

மேலே கூடத்துச் சுவரில் டிடெக்டரின் முழு அளவுப் படம் ஒன்று ஒட்டியிருக்கும். தலைக்கவசம் போட்டு அதன் முன் நின்று எடுத்த என் படம் எங்கள் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. வருகிறவர்களிடம் அம்மா, "மகன் பூமிக்கடியில்" என்பார். திருத்தவில்லை.

20 ஜூலை

மேடு எல்லாமே பொய் என்று எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது. இல்லை. டாப் குவார்க் ஜோடி உருவாகும் வாசல் விளிம்பில், 345 ஜிஇவி அருகே, சிஎம்எஸ் கண்ட மிகுதி இந்த ஆண்டு 5 சிக்மாவைத் தாண்டியது. இந்த மாதம் மார்செய் மாநாட்டில் அட்லஸும் அதையே காட்டியது. டாப்பும் எதிர் டாப்பும் சிதையும் முன் கணநேரம் ஒட்டிக்கொள்ளும் டோப்போனியமாக இருக்கலாம். அப்படி உருவாவது மிக அரிது, எல்எச்சியில் பிடிபடாது என்றுதான் பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள்.

தேடப்போனது வேறு. புதிய கனமான ஹிக்ஸ் வகையைத் தேடிய வேட்டையில் சிக்கியது இது. இதிலும் சிலர் இன்னும் அடம்பிடிக்கிறார்கள், புதுத் துகளாகவும் இருக்கலாமே என்று. பிடிக்கட்டும், அது அவர்கள் வேலை.

கிள்ளான்காரரே, இன்னொன்றும் உண்டு. டபிள்யூ போசான் என்ற துகளின் நிறையை அமெரிக்காவின் சிடிஎஃப் குழு 2022-இல் 80,433 எம்இவி (ஆயிரம் எம்இவி ஒரு ஜிஇவி) என்று சொல்லி எல்லோர் தூக்கத்தையும் கெடுத்தது, கோட்பாடு அதைவிடக் குறைவாகச் சொல்கிறது. சிஎம்எஸ் 2016-இல் எடுத்த தரவை எட்டு வருடம் துருவி, 2024 செப்டம்பரில் 80,360 என்றது. கோட்பாட்டோடு பொருந்துகிறது. "புதிதாக ஒன்றும் இல்லை" என்று சொல்ல எட்டு வருடம். உங்கள் கேள்வியில் இருந்த அதே வாக்கியம்தான், விலைதான் வேறு.

17 ஆகஸ்ட்

கிள்ளான்காரரின் மகள் அப்பாவின் கணக்கிலிருந்து எழுதியிருக்கிறாள். சிஎம்எஸ் திறந்த தரவிலிருந்து இரட்டை மியூவான் கோப்பை இறக்கியிருக்கிறாள், 2010 தரவு, ஒரு லட்சம் மோதல்கள். பைத்தானில் வரைபடம் போட்டு அனுப்பினாள். 3.1-இல் ஜே சை, 9.5 அருகே உப்சிலான், 91-இல் இசட். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில்.

இந்தத் துகள்களின் பெயரைக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டது இது: "அங்கிள், 2-க்குக் கீழேயும் 110-க்கு மேலேயும் ஒன்றுமே இல்லையே. இது உண்மையா, இல்லை யாராவது வெட்டிக் கொடுத்திருக்கிறார்களா?"

வெட்டித்தான் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தயாரித்த கோப்பு, 2 முதல் 110 ஜிஇவி வரை மட்டும். சொன்னேன். கூடவே, அச்சு இரண்டையும் மடக்கை அளவுக்கு மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். எஸ்பிஎம் சோதனைத் தேர்வு முடிந்ததும் போடுகிறாளாம்.